வானத்தைக் கணக்கெடுத்த மார்ட்டின் ரைல்

உலகத்தில் புகழ் பெற்ற மனிதர்களிலே, தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று கடைசி மூச்சுவரையில் சாதித்தவர்கள் பலர் உண்டு. தவறு வெளிப்பட்டதும் வாய்மூடி ஒதுங்கிவிட்டவர்களும் உண்டு. தாம் வெளியிட்ட கணக்கைப் பிறர் பிழையென்று காட்டியபோது மனம் புழுங்கினாலும், அத்துடன் நின்றுவிடாமல், மேலான கருவிகளை அமைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கி, முடிவில் உலகம் ஏற்றுக்கொள்ளும் கணக்கைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி ஸர் மார்ட்டின் ரைல். அவர் எண்ணியது பொன்னையோ பொருளையோ அன்று. ஆகாயத்தின் கோடியிலிருந்து ரேடியோ அலைகளை ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும் நட்சத்திர மண்டலங்களையே அவர் எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்து, இப்பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருந்து வருவதா, அன்றி முற்காலத்தில் வேறாக இருந்து இன்றைய நிலைக்கு மாறி வந்ததா என்ற பெருங் கேள்விக்கு விடை பிறந்தது. ரைல் காலமாகி 40 வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் அவருடைய சரித்திரத்தில் விஞ்ஞானிகளுக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் படிப்பினை உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

இளமையும் யுத்தமும்

மார்ட்டின் ரைல் 1918-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி, இங்கிலாந்தின் தென் கடற்கரையிலுள்ள பிரைட்டன் நகரத்தில் பிறந்தார். தந்தை ஜான் ரைல் பெயர் பெற்ற வைத்தியர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் வைத்தியப் பேராசிரியராக விளங்கியவர். தத்துவ சாஸ்திரத்தில் பிரசித்தி பெற்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர் கில்பர்ட் ரைல் இவருக்குச் சிறிய தந்தை. இத்தகைய கல்விக் குடும்பத்தில் பிறந்த மார்ட்டினுக்குப் புஸ்தகத்தைக் காட்டிலும் கருவிகளிலேயே மோகம் மிகுந்திருந்தது. இளமையிலேயே சொந்தக் கையால் ரேடியோ யந்திரம் அமைத்து, லைசென்ஸ் பெற்று, தூரதேசத்தாருடன் செய்திகளைப் பரிமாறிக்கொண்டார். 1939-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பௌதிகத்தில் பட்டம் பெற்றார். அதே வருஷத்தில் இரண்டாவது உலக மகா யுத்தம் மூண்டது.

யுத்தகாலம் முழுவதும் அவர் ராடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். ரேடியோ அலைகளை வீசி, அவை விமானங்களில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு எதிரியின் வரவை அறிவது ராடார். எதிரியின் ராடாரை ஏமாற்றுவதும் குழப்புவதும் ரைலின் பிரதான வேலையாயிற்று. நள்ளிரவில் ஒரு தகவல் வரும்; அடுத்த விமானப்படை புறப்படுவதற்குள் அதற்கு மாற்றுக் கருவி செய்தாக வேண்டும். கையில் கிடைத்த சாமான்களைக் கொண்டு துரிதமாக அமைப்பதும், அமைத்ததை உடனே பரீக்ஷித்துத் திருத்துவதும் அவருக்கு இயல்பாகிவிட்டன. யுத்தம் அவருக்கு அளித்த இந்தப் பழக்கம் பிற்காலத்தில் விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது. யுத்தத்தின் பேரில் அவர் கொண்ட வெறுப்போ வாழ்நாள் முடிவில் மற்றொரு வகையில் வெளிப்பட்டது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வானத்திலிருந்து ரேடியோ

ஆகாயத்திலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்பதை முதலில் கண்டவர் ரைல் அல்லர். 1930-க்குப் பின் வந்த சில வருஷங்களில், அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனி ஆராய்ச்சிச்சாலை ஒன்றில் வேலை பார்த்த கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞர், கடல் கடந்த சம்பாஷணைக்கு இடையூறான இரைச்சல்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் ஒன்று பால்வீதியிலிருந்து வருவதாகக் கண்டார். விஞ்ஞான உலகம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குரோட் ரீபர் என்ற மற்றொரு அமெரிக்கர், 1937-ல் தம் சொந்தச் செலவில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கிண்ண வடிவமான ஏரியலை அமைத்து, தனி ஒருவராகவே வானத்துக்கு ரேடியோப் படம் தயாரித்தார். 1942-ல் ஆங்கில ராடார்களைக் குழப்பிய ஓர் இரைச்சல் ஜெர்மானியர் வேலையன்று, சூரியனுடைய வேலையே என்பதை ஜே. எஸ். ஹே என்பவர் கண்டுபிடித்தார்.

யுத்தம் முடிந்த 1945-ல் ரைல் கேம்பிரிட்ஜ் காவண்டிஷ் ஆராய்ச்சிச்சாலைக்கு வந்து சேர்ந்தார். பணம் இல்லை; உபகரணம் இல்லை. யுத்தத்தில் மிச்சப்பட்ட சாமான்கள் மட்டும் மலிவாகக் கிடைத்தன. ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட ராடார் கிண்ணங்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. இவற்றைக் கொண்டு சூரியனை ஆராயத் தொடங்கினார்.

அவருக்கு முன் நின்ற இடையூறு இன்னதென்பதை வாசகர்கள் அறிந்துகொள்ளவேண்டும். ஒரு தொலைநோக்கியின் கூர்மை அதன் அகலத்தை மட்டும் பொறுத்ததன்று. அதில் வந்து விழும் அலையின் நீளத்தையும் பொறுத்தது. அலை நீண்டால் பார்வை மங்கும். ஒளியின் அலையோ ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 2,000 அடங்கும்படி அவ்வளவு குறுகியது. ரைல் பின்னர்ப் பயன்படுத்திய 178 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் சுமார் 1.7 மீட்டர். அந்த அலையில், சாதாரண மனிதக் கண்ணின் கூர்மையையாவது பெற வேண்டுமானால், ஏறக்குறைய 6 கிலோமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வேண்டும். அப்படி ஒன்றை யாரால் கட்ட முடியும்?

இரண்டு ஏரியல்களைத் தூரத்தில் தனித்தனியே நிறுத்தி, அவற்றில் வந்து விழும் அலைகளை ஒன்று சேர்த்து ஒப்பிட்டால், கூர்மையைப் பொறுத்தமட்டில் இடையிலுள்ள தூரம் முழுவதும் ஒரே தொலைநோக்கியாக வேலை செய்யும் என்பதே ரைல் கையாண்ட உபாயம். 1946-ல் இம்முறையினால், வான்பர்க் என்ற சகாவுடன் சேர்ந்து, சூரியனிலிருந்து வரும் வலுவான ரேடியோ அலைகள் அதன் கரும்புள்ளிகளின் பக்கத்திலிருந்தே வருகின்றன என்று நிரூபித்தார். 1948-ல் கிரஹாம் ஸ்மித் என்ற சகாவுடன் வட வானத்தைப் பார்த்தபோது, காசியோப்பியா நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் மிகப் பிரகாசமான ஒரு ரேடியோ ஊற்று இருப்பதைக் கண்டார். அன்று முதல் சூரியனை விட்டு, அப்பாலுள்ளவற்றின்பேரில் அவர் கவனம் சென்றது.

அலை நீண்டால் பார்வை மங்குமானால், நீண்ட அலையை ஏன் பிடித்துக்கொண்டிருந்தார் என்று கேட்கலாம். அதற்குக் காரணங்கள் உண்டு. இந்த ஊற்றுக்கள் நீண்ட அலையிலேதான், அதாவது குறைந்த அதிர்வெண்ணிலேதான், உரக்கப் பேசுகின்றன. அலை குறுகக் குறுக அவற்றின் குரல் தேய்கிறது. நீண்ட அலைக்கு உலோகக் கிண்ணம் வேண்டியதில்லை. கம்பமும் கம்பியும் போதும். ஆராய்ச்சி மாணவர்களே வயல்வெளியில் இறங்கிக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்துவிடலாம், அவ்வாறே இழுத்தார்கள். வானத்தின் விசாலமான பரப்பை விரைவில் வாரி எண்ணுவதற்கும் அதுவே ஏற்றது.

ஊற்றுக்கள் எங்கே?

இவ்வூற்றுக்கள் நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கும் ஒருவகை இருண்ட நட்சத்திரங்கள் என்று ரைல் முதலில் நம்பினார். 1951-ல் லண்டனில் கூடிய ஒரு விஞ்ஞானக் கூட்டத்தில், தாமஸ் கோல்டு என்பவர், இவை நமது மண்டலத்துக்கு வெகு அப்பால் உள்ள வேறு நட்சத்திர மண்டலங்களாயிருக்கலாம் என்று எடுத்துரைத்தபோது, ரைல் அதைக் கடுமையாக மறுத்தார். ஆனால் கோல்டின் வாதத்துக்குச் சாட்சியத்தைத் தேடிக் கொடுத்தது ரைலின் ஆராய்ச்சிச்சாலையேதான்! சிக்னஸ் என்னும் அன்னக் கூட்டத்திலுள்ள ஊற்றின் இருப்பிடத்தை கிரஹாம் ஸ்மித் 1951-ல் மிக நுட்பமாக அளந்து, அமெரிக்காவிலுள்ள பாலோமார் மலை வானிலையத்துக்கு அனுப்பினார். பாடே, மின்கோவ்ஸ்கி என்ற இருவர் அங்குள்ள 200 அங்குலத் தொலைநோக்கியை அத்திசையில் திருப்பிப் பார்த்தார்கள். மங்கலான ஒரு நட்சத்திர மண்டலம் தென்பட்டது. அதன் தூரம் ஏறக்குறைய 75 கோடி ஒளியாண்டு என்று இன்று கணக்கிடுகிறார்கள். நமது பால்வீதி முழுவதும் வீசும் ரேடியோ சக்தியைப் போலப் பல லக்ஷம் மடங்கை அது வீசுகிறது.

இத்தகையவற்றுக்கே ரேடியோ மண்டலங்கள் என்று பெயர். இவற்றின் நடுவிலே சூரியனைப்போலக் கோடிக்கணக்கான மடங்கு கனமுள்ள கருந்துளை ஒன்று இருந்து, இரு பக்கமும் அணுத்துகள்களைப் பெருவேகத்துடன் பீறிட்டடிக்கிறது. அத்துகள்கள் காந்த மண்டலத்தில் சுழலும்போது ரேடியோ அலைகள் எழுகின்றன என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ரைல் அன்று கவனித்தது வேறொன்று. வானத்திலுள்ள மிகப் பிரகாசமான ரேடியோ ஊற்றுக்களுள் ஒன்றே இத்தனை தூரத்தில் இருக்குமானால், மங்கலான ஊற்றுக்கள் எத்தனை தூரத்தில் இருக்கவேண்டும்! அலைகள் அங்கிருந்து வந்து சேர எத்தனை காலம் ஆகியிருக்கவேண்டும்! ஆகவே மங்கலானவற்றை எண்ணுவது பிரபஞ்சத்தின் பூர்வ காலத்தையே எண்ணுவதாகும். தாம் மறுத்த கொள்கையை ரைல் ஏற்றார். ஏற்றதோடு அதையே தமக்கு ஆயுதமாகவும் கொண்டார்.

எட்டும் அறுபத்து நான்கும்

அக்காலத்தில் பிரபஞ்சத்தைக் குறித்து இரண்டு சித்தாந்தங்கள் போட்டியிட்டன. ஒரு காலத்தில் அனைத்தும் நெருங்கிக் கனன்றிருந்து, பிறகு விரிந்து மாறி வந்தது என்பது ஒன்று. பிரபஞ்சம் விரிந்தாலும் புதிய பொருள் ஓயாமல் தோன்றி இடைவெளியை நிரப்புவதால், அது எக்காலத்திலும் ஒரே தோற்றத்துடன் விளங்குகிறது, அதற்கு ஆதியுமில்லை அந்தமுமில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது சித்தாந்தத்தை 1948-ல் வெளியிட்டவர்கள் பிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, முன்னர்க் கூறிய தாமஸ் கோல்டு ஆகிய மூவர். ஹாயிலும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவரே.

இவ்வழக்கை எண்ணிக்கையினால் எவ்வாறு தீர்க்கலாம்? ஒரே அளவான விளக்குகள் எங்கும் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தூரம் இரண்டு மடங்கானால் விளக்கின் பிரகாசம் நாலில் ஒரு பங்காகக் குறையும். அதே சமயத்தில் நாம் வளைத்துப் பார்க்கும் இடத்தின் கொள்ளளவு எட்டு மடங்காகும். ஆகையால், நாலில் ஒரு பங்கு பிரகாசம் வரையில் இறங்கி எண்ணினால் எட்டு மடங்கு விளக்குகள் தென்படவேண்டும். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருப்பதால் தூரத்து விளக்குகள் இன்னும் மங்கி, எட்டுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஹாயிலின் சித்தாந்தப்படி அதற்குமேல் கிடைக்க நியாயமில்லை. எட்டுக்கு அதிகமாகக் கிடைத்தால், தூரத்தில், அதாவது பூர்வ காலத்தில், ரேடியோ மண்டலங்கள் இன்று இருப்பதைவிட மிகுதியாகவோ பலமாகவோ இருந்தன என்று பொருள். அப்பொழுது பிரபஞ்சம் மாறி வந்ததென்பது தானே ஏற்படும்.

1955-ல் ரைல் தமது இரண்டாவது கேம்பிரிட்ஜ் ஜாபிதாவைத் தயாரித்து முடித்தார். 81.5 மெகாஹெர்ட்ஸில் எடுக்கப்பட்ட அதில் 1,936 ஊற்றுக்கள் கண்டிருந்தன. எட்டு மடங்கு இருக்கவேண்டிய இடத்தில் அந்த ஜாபிதா ஏறக்குறைய 64 மடங்கைக் காட்டிற்று! ரைல் தயங்கவில்லை. ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய ஹாலி பிரசங்கத்தில், நிலைத்த பிரபஞ்ச சித்தாந்தம் இனி நிற்காது என்று உலகறியச் சொல்லிவிட்டார்.

சிட்னியிலிருந்து வந்த மறுப்பு

அப்பொழுது ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்துக்கு அருகில், பெர்னார்டு மில்ஸ் என்பவர் சிலுவை வடிவமான ஒரு பெரிய ஏரியலை அமைத்து, ஏறக்குறைய அதே அலையில் தென் வானத்தை எண்ணிக்கொண்டிருந்தார். இரு சாராருக்கும் பொதுவாகத் தெரியும் வானப்பகுதியை மில்ஸும் ஸ்லீ என்பவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஜாபிதாக்களும் பெரும்பாலும் ஒத்துவரவில்லை. கேம்பிரிட்ஜ் கண்ட மங்கலான ஊற்றுக்களில் மிகுதியானவை சிட்னியில் காணப்படவேயில்லை. 1957-ல் அவர்கள் இதைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள்.

தவறு நேர்ந்தது எப்படி? கார்த்திகைத் தீபத்தன்று தூரத்துக் கிராமம் ஒன்றை மலைமேலிருந்து பார்ப்பவனுக்கு, திண்ணையில் வரிசையாக வைத்த அகல்கள் தனித்தனியே தெரியமாட்டா. நாலைந்து அகல்களின் ஒளி கலந்து ஒரு பெரிய விளக்காகத் தோன்றும். கண் மங்கியவனுக்குப் பத்து வீட்டு விளக்குகளும் ஒன்றாகவே தோன்றும். ரைலின் கருவிக்கு நேர்ந்தது இதுவே. தனித்தனி மங்கலான ஊற்றுக்கள் பல கலந்து, இல்லாத ஊற்றுக்களாகத் தோற்றமளித்தன. எண்ணிக்கை பொய்யாகப் பெருகிற்று.

ரைல் கோபக்காரர். தம் வேலையைப் பற்றிப் பிறர் குறை கூறுவதைப் பொறுக்கமாட்டாதவர் என்று அவருடன் பழகியவர்களே எழுதியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் தங்கள் வேலையை முடியும்வரை வெளியாருக்குச் சொல்லாமல் மறைத்தே வைத்திருந்தார்கள் என்ற குறையும் உண்டு. இருப்பினும் இந்தத் தோல்வியின்பின் அவருடைய கூட்டத்தார் செய்த காரியமே அவர்களுக்குப் பெருமை அளிப்பது.

முதலாவதாக, ரைலின் மாணவர் பீட்டர் ஷோயர், ஒவ்வோர் ஊற்றாக எண்ணுவதை விட்டுவிட்டு, கருவி எழுதிய ரேகைகளின் ஏற்றத்தாழ்வு முழுவதையும் கணித முறையில் ஆராய்ந்தார். விளக்குகள் கலந்துபோனாலும், கலந்த ஒளியின் தடுமாற்றத்திலிருந்தே விளக்குகளின் தொகையை அனுமானிக்கலாம் என்பது அவருடைய யுக்தி. அவர் 1957-ல் வெளியிட்ட விடை, 64-ம் அன்று, 8-ம் அன்று. ஏறக்குறைய 12 மடங்கு. இரண்டாவதாக, ரைல் தம் ஏரியலைக் குறுகிய அலைக்கு மாற்றியமைத்து, 159 மெகாஹெர்ட்ஸில் வானத்தை மறுபடியும் எண்ணினார். 1959-ல் வெளிவந்த மூன்றாவது ஜாபிதாவில் 471 ஊற்றுக்களே இருந்தன. 1,936-லிருந்து 471-க்கு இறங்கி வந்ததைக் கேட்டு எள்ளி நகையாடுவோர் நகையாடலாம். நம்பத் தகாத ஆயிரம் சாட்சிகளைவிட நம்பத் தகுந்த நூறு சாட்சிகள் மேல் என்பதை நியாயஸ்தலங்களைக் கண்டவர்கள் அறிவார்கள். அந்த 471-ம் 1962-ல் இன்னொரு முறை திருத்தப்பட்டு 328 ஆயின.

அடுத்தபடியாக, கேம்பிரிட்ஜுக்கு வெளியே லார்ட்ஸ் பிரிட்ஜ் என்ற இடத்தில், முல்லார்டு கம்பெனியின் நன்கொடையைக் கொண்டு 1957-ல் ஏற்பட்ட வானிலையத்தில், சுமார் 440 மீட்டர் நீளமுள்ள நீண்ட தொட்டி போன்ற ஏரியல் அமைக்கப்பட்டது. அதைக் கொண்டு 178 மெகாஹெர்ட்ஸில் எடுத்த நான்காவது ஜாபிதா, 1965-லும் 1967-லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 4,844 ஊற்றுக்கள் அதில் உண்டு.

நான்காவது கணக்கின் முதல் விளைவுகளை ரைல் 1961 பிப்ரவரியில் லண்டனில் பத்திரிகைக்காரர் முன்னிலையில் வெளியிட்டார். ஹாயிலும் அவருடைய மனைவியும் அழைக்கப்பட்டு முன் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். கணக்கு மீண்டும் 12 மடங்கையே காட்டிற்று. பிரபஞ்சம் மாறி வந்திருக்கிறது என்பதே அதன் தீர்ப்பு. எதிரியை அழைத்து உட்காரவைத்து இவ்வாறு செய்தது நாகரிகமா என்று அன்றே சிலர் கேட்டார்கள், அக்கேள்வி நியாயமானதே. ஹாயில் சும்மா இருக்கவில்லை. அப்பொழுது அவரிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த நமது ஜயந்த் நார்லிகரும் அவருமாகச் சேர்ந்து உடனே மறுப்புத் தயாரித்தார்கள். வாதம் மேலும் சில வருஷங்கள் நடந்தது. 1965-ல் பென்ஸியாஸ், வில்ஸன் என்ற இரு அமெரிக்கர்கள், ஆதிகாலத்து வெப்பத்தின் மிச்சம் இன்றும் வானமெங்கும் பரவியிருப்பதைக் கண்டறிந்தனர். அதன்பின் நிலைத்த பிரபஞ்ச சித்தாந்தத்துக்கு ஆதரவாளர்கள் அநேகமாக இல்லாமற்போயினர். முதற் கணக்கின் பிழையைக் காட்டிய மில்ஸும், அதைத் திருத்திக்கொண்ட ரைலும், எதிர்வாதம் செய்து சாட்சியத்தை உரைத்துப் பார்த்த ஹாயிலும் ஆகிய மூவரும் சேர்ந்தே உண்மையை நிலைநாட்டினார்கள் என்று கூறுவதே தகும்.

ஜாபிதாவின் பயன்

செம்மையாக எடுத்த கணக்கு, எடுத்தவர் நினையாத பயனையும் தரும். மூன்றாவது ஜாபிதாவில் 295-ம் எண்ணுள்ள ஊற்று, 1960-ல் அதுவரை அறியப்பட்டவற்றுள் எல்லாம் தூரமான நட்சத்திர மண்டலமென்று தெரிந்தது. 273-ம் எண்ணுள்ள ஊற்றை 1963-ல் ஆராய்ந்த மார்ட்டன் ஷ்மிட், அது நட்சத்திரம்போலத் தோன்றினாலும் இருநூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள பேரொளிப் பிழம்பு என்று கண்டார். குவாஸர் என்ற இனம் அன்று வெளிப்பட்டது. நான்காவது ஜாபிதாவைச் சேர்ந்த ஒரு மண்டலம், 1990-ல் மிகத் தூரத்து மண்டலமாக விளங்கிற்று. நீண்ட அலையில் உரத்தும் குறுகிய அலையில் மிக மெலிந்தும் பேசும் ஊற்றுக்களே பெரும்பாலும் அதிகத் தூரத்திலுள்ளவை என்ற குறிப்பைக் கொண்டு அதைத் தேடிப் பிடித்தார்கள். வானசாஸ்திரிகள் இன்றும் அந்த ஊற்றுக்களை ரைலின் ஜாபிதா எண்களாலேயே அழைக்கிறார்கள்.

பூமியே கருவி

கூர்மையில்லாமையால் நேர்ந்த இழுக்கை ரைல் மறக்கவில்லை. சிறு ஏரியல்களை இடம் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு நிலையிலும் கிடைத்ததைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சேர்த்தால், ஒரு பிரம்மாண்டமான தொலைநோக்கி தரும் படமே கிடைக்கும் என்று அவர் கண்டார். ஏரியலை நாம் சுற்றி வரவேண்டியதுமில்லை. பூமி தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும்போது ஏரியல்களையும் சுற்றிக் கொடுக்கிறது. 1962-ல் ரைலும் ஆன் நெவில் என்ற பெண்மணியும் இம்முறையில் வட துருவத்தைச் சூழ்ந்த வானத்தைப் படமெடுத்தார்கள். கம்ப்யூட்டர் என்ற கணித யந்திரம் இல்லாவிடில் இது நடந்திராது. 1964-ல் ஒரு மைல் தூரத்துக்குப் பரவிய தொலைநோக்கியும், 1972-ல் ஐந்து கிலோமீட்டருக்குப் பரவிய தொலைநோக்கியும் எழுந்தன. பின்னதற்கு, ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட பழைய ரயில்பாதையே இடமாயிற்று; எட்டுக் கிண்ணங்களுள் நான்கு தண்டவாளத்தின்மேல் நகர்ந்தன.

பட்டங்களும் பரிசுகளும் தாமே வந்தன. 1959-ல் ரேடியோ வானசாஸ்திரப் பேராசிரியர் பதவி, 1966-ல் ஸர் பட்டம், 1972-ல் அரச வானசாஸ்திரி பதவி. 1974-ல் பௌதிக நோபல் பரிசு, அவருக்கும் அவருடைய சகா ஆன்டனி ஹ்யூவிஷுக்கும் கிடைத்தது. வானசாஸ்திர ஆராய்ச்சிக்காகப் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. ஹ்யூவிஷின் பங்கு, பல்ஸார் என்ற துடிக்கும் நட்சத்திரங்களைக் கண்டதற்காக. அவற்றின் முதல் அடையாளத்தை 1967-ல் கண்டெடுத்த மாணவி ஜோஸலின் பெல்லுக்குப் பரிசில் பங்கில்லாமற்போனதைக் குறித்துப் பலர் வருந்தினார்கள்.

கடைசிக் கணக்கு

நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஓய்வாகக் காலங் கழிக்கலாம். ரைல் அவ்வாறு செய்யவில்லை. யுத்தகாலத்தில் தாம் கற்ற வித்தையின் மறுபக்கம் அவர் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. வாழ்நாளின் கடைசி வருஷங்களில் வானத்தைவிட்டு பூமியின்பேரில் திரும்பினார். காற்றாடிகளைக் கொண்டு இங்கிலாந்து எவ்வளவு சக்தி பெறலாம் என்று கணக்கிட்டு 1977-ல் வெளியிட்டார். தாமே காற்றாடிகளை அமைத்துப் பரீக்ஷித்தும் பார்த்தார். அணுசக்தித் தொழிலும் அணு ஆயுதமும் பிரிக்க முடியாதபடி பிணைந்தவை என்ற முடிவுக்கு வந்து, 1981-ல் அணு ஆயுதப் பெருநாசத்தைக் குறித்து ஒரு சிறு நூல் எழுதினார். தாம் வளர்த்த ரேடியோ விஞ்ஞானத்தின் நுட்பங்களும் ஆயுதங்களுக்கு உதவக்கூடும் என்பதை எண்ணி வேதனைப்பட்டார். விஞ்ஞானிகள் தங்கள் கண்டுபிடிப்புக்களின் விளைவுக்குத் தாங்களும் பொறுப்பாளிகள் என்பதே அவருடைய கடைசிப் போதனை. அந்தக் கருத்தை எல்லோரும் ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது. சக விஞ்ஞானிகள் பலருக்கு அது கசப்பாகவே இருந்தது. நோயினால் உடல் தளர்ந்தும் மனம் தளராமல் அதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்து, 1984-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி கேம்பிரிட்ஜில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 66.

நமது நாட்டில்

ரைல் தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை. அதில் நமது நாட்டுக்கும் பங்கு உண்டு. 1953-ல் சிட்னிக்குச் சென்று இத்துறையைக் கற்ற கோவிந்த் ஸ்வரூப், நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அருகே 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தார். அது 1970 முதல் வேலை செய்யத் தொடங்கிற்று. மலைச் சரிவின் சாய்வு அவ்விடத்தின் அக்ஷாம்சத்துக்கு ஒத்திருந்ததால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமமாக அமைந்தது. சந்திரன் ரேடியோ மண்டலங்களை மறைக்கும் கணத்தைக் கவனித்து, அவற்றின் அளவை அங்கே நுட்பமாக அறிந்தார்கள். மங்கலான மண்டலங்களின் அளவுகளிலிருந்து, பிரபஞ்சம் மாறி வந்ததென்பதற்கு 1975-ல் ஸ்வரூபும் விஜய் கபாஹியும் தனிச் சாட்சியம் காட்டினார்கள். ரைல் எண்ணிக்கையினால் கண்டதை இவர்கள் அளவினால் கண்டார்கள். பின்னர்ப் பூனாவுக்கு வடக்கே கோடாட் கிராமத்தின் அருகில், 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட தொலைநோக்கி எழுந்தது. அது பூமியின் சுழற்சியைக் கருவியாகக் கொள்ளும் ரைலின் முறையிலேயே வேலை செய்கிறது. அது 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த கணக்கு 2017-ல் வெளியாயிற்று. 6 லக்ஷத்துக்கு மேற்பட்ட ஊற்றுக்கள் அதில் உள்ளன. ஹாலந்தை நடுவாகக் கொண்டு ஐரோப்பாவில் பரவியுள்ள லோபார் தொலைநோக்கி, வட வானத்தில் கால் பாகத்துக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் மட்டும் ஏறக்குறைய 44 லக்ஷம் ஊற்றுக்களை எண்ணி 2022-ல் வெளியிட்டது. நவீனமான இந்தத் தொலைநோக்கியும், ரைலின் முதல் ஏரியல்களைப் போலவே, வயல்வெளியில் நட்ட சிறு ஏரியல்களின் கூட்டமே என்பது கவனிக்கத்தக்கது.

ஐம்பது ஊற்றுக்களில் தொடங்கிய ஜாபிதா, ஐம்பது லக்ஷத்தை நோக்கி வளர்ந்திருக்கிறது. எனினும் ரைலின் பெருமை தொகையின் பெருக்கத்தில் இல்லை. 1,936 என்று தாமே பறைசாற்றிய கணக்கை, 471 ஆகவும் 328 ஆகவும் தாமும் தம் கூட்டத்தாரும் குறைத்துக்கொண்டதில் இருக்கிறது. தேசத்தின் வரவு செலவானாலும், ஜனத்தொகையானாலும், பஞ்சத்தில் மாண்டவர் தொகையானாலும், தமக்கு அனுகூலமான எண்ணை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் எந்நாட்டிலும் உண்டு. பிழையைச் சுட்டிக் காட்டுகிறவனைப் பகைவனாகக் கருதுவது மனித சுபாவம். ரைலும் அந்தச் சுபாவத்துக்கு விலக்கானவரல்லர். கோபம் தணிந்தபின் வயல்வெளிக்குத் திரும்பிச் சென்று, கம்பங்களை மாற்றி நட்டு, மறுபடியும் எண்ணினார் என்பதே அவருடைய வாழ்க்கையின் சாரம். பொதுக் காரியங்களில் எண்களைக் கையாளும் ஒவ்வொருவரும் அந்த வழக்கத்தை மேற்கொள்வார்களானால், தேசத்துக்கு அதனால் விளையும் நன்மை சிறிதன்று.